தெற்கு வாசல் விளக்கு

இல்லைங்க மேடம், மூக்கை யாரும் உடைக்கலை. அது தேஞ்சது. போர்டுல "படையெடுப்பில் சிதைந்தது"ன்னு போட்டிருக்கு, அதைப் படிச்சுட்டுக் கேக்கறீங்க. அந்த போர்டை எழுதினவரு மூணு பத்து பஸ்ஸைப் பிடிக்கணும்னு அவசரத்துல இருந்தாரு. பெயிண்ட் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான். "ஏம்ப்பா, மூக்குக்கு என்ன எழுதறது"ன்னாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள படையெடுப்புன்னு எழுதிட்டாரு. ஒருத்தன் நூறு மைல் படையோட நடந்து வந்து, ஒரு பொம்பளை சிலையோட மூக்கை மட்டும் தட்டிட்டுத் திரும்பிப் போயிருக்கான்னா அவன் என்ன படைக்காரன்?

மஞ்சள் தேச்சுத் தேச்சுத் தேஞ்சது. கூடப் பொறந்தவன் பேச்சுவார்த்தை இல்லாம இருக்கிற பொம்பளைங்க இங்க வருவாங்க. விரல்ல மஞ்சளைக் குழைச்சு அந்தம்மா மூக்குல மூணு தடவை தேய்ப்பாங்க. தேச்சா அண்ணனோ தம்பியோ திரும்ப வந்துருவானாம். எத்தனை பேரு வந்தானுங்கன்னு எனக்குத் தெரியாது. மூக்கு போயிருச்சு, அது தெரியும்.

உக்காருங்க. அந்தக் கல்லு வேணாம், கட்டெறும்பு இருக்கு. இப்படி நிழலா உக்காருங்க. கல்வெட்டு மேல ஒட்டின தாளு காய எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு உரிச்சா எழுத்தெல்லாம் கல்லுலயே நின்னுக்கும். உங்களுக்குத் தெரியாததா. பிரஷ்ஷால அடிக்கறப்ப பாத்தேன், நல்லா அடிக்கறீங்க. போன வருஷம் ஒரு பையன் வந்து துணி துவைக்கிற மாதிரி அடிச்சான். தாளு கிழிஞ்சு, மசி அவன் சட்டையில படி எடுத்துச்சு.

அது என் போனுதான். அடிக்கட்டும். காலையிலேருந்து அடிச்சுக்கிட்டே கெடக்கு. எடுக்க வேண்டியதுன்னா எடுக்க மாட்டேனா.

என் படிப்பா? ராத்திரிப் பள்ளிக்கூடம். செங்காட்டூர்ல சந்தை மேட்டுக் கொட்டாயில நடந்துச்சு. நான் போறப்ப இருபது வயசு. முன் பெஞ்சியில ஒரு தாத்தா, பின் பெஞ்சியில நான், நடுவுல தூக்கம். அப்படியே எட்டாவது எழுதி, பத்தாவது எழுதி, கணக்குல ரெண்டு தடவை தவறி, மூணாவது தடவை தேறினேன். கல்வெட்டு எழுத்து இங்க வந்துதான் கத்துக்கிட்டேன். உங்களை மாதிரி படி எடுக்க வர்றவங்களுக்குத் தண்ணி தூக்கிக் குடுத்து, பிரஷ் கழுவிக் குடுத்து, ஒவ்வொரு எழுத்தா. இருபத்திநாலு வருஷத்துல மூணு சுவரும் மனப்பாடம்.

சரி, அந்தம்மா கதை கேட்டீங்க. கல்லுல கொற்றநங்கைன்னு இருக்கும். ஊர்க்காரங்களுக்கு ஆண்டநாச்சி. ஆண்ட நாச்சி, அவ்வளவுதான். பொறந்தது ஏந்தல்பாடி. இந்தா, ஏரிக்கு அந்தாண்ட ஒரு மேடு தெரியுதுல்ல, பனமரம் மூணு நிக்குதே, அதான். நானும் அந்த ஊருதான். கரையைச் சுத்தி வந்தா ஒரு மணி நேர நடை. அங்கேருந்து இங்க கட்டிக் கொண்டாந்தாங்க. கட்டினவரு எயினரையன். ராஜான்னா பெரிய ராஜா இல்லை. இந்த ஏரி, அந்த ரெண்டு கரடு, நடுவுல உள்ள ஊருங்க. பெரிய ராஜா ஆள் அனுப்பினா படையைக் கூட்டிக்கிட்டுப் போயாகணும். அப்படித்தான் போனாரு. குதிரையில உக்காந்து போனவரு, பல்லக்குல படுத்துத் திரும்பி வந்தாரு.

பிள்ளைக்கு அப்ப அஞ்சு வயசு.

அந்தக் காலத்துல என்ன பண்ணுவாங்க, உங்களுக்கே தெரியும். ஏரிக்கரையில ரெண்டு பேருக்கா விறகை அடுக்கிட்டாங்க. புருஷன் வீட்டு ஆளுங்க எல்லாரும் தலையைக் குனிஞ்சு நிக்கறாங்க. அவளைக் குளிக்க வச்சுக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அப்பதான் தம்பிக்காரன் வந்து எறங்கறான். பூதன்னு பேரு. பத்தொம்பது வயசு.

பத்தொம்பதுன்னு கல்லுல இல்லை மேடம். சரிதான். ஒரு உத்தேசம்தான்.

வந்தவன் சத்தம் போடலை, வாளை உருவலை. "பிள்ளையை நாளைக்கு யாரு தூக்கிக்கப் போறீங்க? அதை மொதல்ல சொல்லுங்க, அப்பறம் நெருப்பு வைங்க"ன்னான். தூக்கிக்கறேன்னு சொன்னவன்தான் நாளைக்கு ராஜா, அது எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன் சொன்னா இன்னொருத்தன் வெட்டுவான். அந்த யோசனையிலயே நின்னாங்க. அவன் அக்கா கையைப் பிடிச்சு, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, அந்தத் தெற்கு வாசல் வழியா அரமனைக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டான். அரமனை போயிருச்சு, இந்த வாசல்தான் மிச்சம். அப்பறம் அவ சமாதிக்கு மேல இந்தக் கோயிலைக் கட்டறப்ப அதே வாசலைச் சேத்துக் கட்டியிருக்காங்க.

ஆக அவளுக்கு உசுரு குடுத்தது யாரு? அதை ஞாபகம் வச்சுக்குங்க. பின்னால வேணும்.

அப்பறம் ஆட்சி. பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு சபையில உக்காருவா. பிள்ளை தூங்கிரும். தூங்கற ராஜா பேரைச் சொல்லித்தான் ஓலை போகும். ஓலைன்னா முத்திரை குத்தணும். முத்திரை மோதிரத்துல இருக்கு. புருஷன் போன பொம்பளை மோதிரம் போடக்கூடாது. பிள்ளை விரல்ல மாட்டினா கழண்டு விழுது. அதனால மோதிரம் தம்பி விரலுக்குப் போச்சு. யாரும் திட்டம் போட்டுச் செய்யலை, பாருங்க. வேற விரல் இல்லை, அவ்வளவுதான்.

பதினாலு வருஷம்.

ஒரு ஐப்பசியில ஏரி ஒடைய இருந்துச்சு. வடக்கு மதகுல தண்ணி பிச்சுக்கிட்டுப் போகுது. மண்ணு நிக்கலை, மூங்கில் நிக்கலை. அரமனைக் கதவுங்களைக் கழட்டிக் கொண்டாந்து மதகுல எறக்கி அடைச்சாங்க. நின்னுருச்சு. இப்பவும் அதுக்குக் கதவு மதகுன்னுதான் பேரு. அப்பறம் ரெண்டு வருஷம் கதவில்லாத வீட்டுல இருந்திருக்கா, நாய் உள்ள வந்து போகுமாம். வடக்குச் சுவர்ல இருக்கு, "அம்மை அருளிச்செய்தபடி"ன்னு. யோசனை பூதனுதுதான்.

கல்லுல அவன் பேரு இல்லைதான். பக்கத்துல நின்னு சொல்றவன் பேரை எந்தக் கல்தச்சன் மேடம் வெட்டறான்?

பிள்ளைக்குப் பதினாறு ஆச்சு. அந்த வயசுல குடுத்துரணும்னு ஒரு வழக்கம். பூதன் குடுக்க மாட்டேன்னு சொல்லலை. நல்லாக் கவனிங்க, சொல்லவே இல்லை. "இந்த வெள்ளாமை கழியட்டும்"னான். கழிஞ்சுது. "கரட்டுக்காரங்க இந்த வருஷத்துத் திறையைக் கட்டட்டும்"னான். கட்டிட்டாங்க. அப்பறம், "பய குதிரையைக் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டறான், மோதிரம் வேற கையில இருந்தா இன்னும் ஓட்டுவான்"னான். அதுல என்ன தப்பு இருக்கு? உண்மையிலயே வேகமாத்தான் ஓட்டினான். பொறுப்பு வரட்டும்னு நெனைச்சது ஒரு குத்தமா? இப்படி மூணு வருஷம் ஆயிருச்சு.

ஒருநாள் சபை கூடியிருக்கு. எண்பது ஊரு பெரிய மனுஷங்களும் உக்காந்திருக்காங்க. அவ எந்திரிச்சு எறங்கி வர்றா. நேரா தம்பி முன்னால வந்து அவன் கையைப் பிடிச்சு மோதிரத்தை இழுக்கறா. வர மாட்டேங்குது. பதினாலு வருஷம் ஆன மோதிரம், விரலு அதைச் சுத்தி வளந்துருச்சு. பக்கத்துல நின்ன குத்துவிளக்குலேருந்து எண்ணெயை உள்ளங்கையில எடுத்து அவன் விரல்ல விட்டு, திருகித் திருகிக் கழட்டினா. கழட்டிப் பிள்ளை கையில போட்டா. அத்தனை பேருக்கு முன்னால.

தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா குடுத்திருப்பான் மேடம்.

கேட்டாளான்னா... சோறு போடறப்ப ரெண்டு மூணு தடவை சொல்லியிருப்பா, "பெரியவனாயிட்டான்டா, குடுத்துருடா"ன்னு. ரசம் ஊத்தறப்ப சொல்றது கேக்கறதுல சேருமா?

அப்பறம் என்ன பண்ணினா தெரியுமா. அவன் விரல்ல எண்ணெய் வழியுதுல்ல, அதைத் தன் முந்தானையை எடுத்துத் தொடைச்சு விட்டா. ஒவ்வொரு விரலா. அது எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடலை. அவமானப்படுத்தியாச்சு, அப்பறம் தொடைச்சு விட என்ன இருக்கு.

அவன் எந்திரிச்சான். "நீ வாய் திறந்து கூப்பிடாம இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்"னான். தெற்கு வாசல் வழியாப் போயிட்டான். ஏந்தல்பாடிக்கு.

மறுபடி அடிக்குது பாருங்க. அவன் நம்பருதான். தனவேலு. அக்கா மகன். அக்கா பேசினா எடுப்பேன். அவ பேச மாட்டா, இவன்தான் அடிக்கறான். இவங்கிட்ட எனக்கு என்ன பேச்சு?

கல்லுல இந்த எண்ணெய், முந்தானை எல்லாம் இல்லையேன்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. போன மாசம் ஒரு புரொபசரும் கேட்டாரு. நான் சொன்னேன், சார், கல்லுல எல்லாத்தையுமா வெட்டுவாங்க, சிலதை நாமளே தெரிஞ்சுக்கணும்னு. எனக்கு எப்படித் தெரியும்னா, இதே மாதிரி நான் பாத்திருக்கேன். ஆச்சரியம் என்னன்னா, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்தது எங்க வீட்டுல ஒரு எழுத்து மாறாம நடந்துச்சு.

எங்க அக்கா பவுனாம்பா. செங்காட்டூர்ல குடுத்திருந்தோம். அவ வீட்டுக்காரரு மாவு மில்லு வச்சிருந்தாரு, பெல்ட்ல துண்டு மாட்டி ஆளையே இழுத்துருச்சு. பிள்ளை தனவேலுக்கு அஞ்சு வயசு. அவளுக்குப் பொறந்த வீட்டு வெள்ளைக் கோடிச் சேலை எடுத்துக்கிட்டுப் போனவன் நான்தான். எனக்குப் பத்தொம்பது. பூதன் குதிரையில போனான், நான் சைக்கிள்ல போனேன், அதுதான் வித்தியாசம். மாமனார் வீட்டு ஆளுங்க மில்லை வித்துட்டு அவளை ஏந்தல்பாடிக்கே அனுப்பிரலாம்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. "பிள்ளைக்கு யாரு சோறு போடப் போறீங்க, அதை மொதல்ல சொல்லுங்க"ன்னேன். ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிட்டாங்க.

அன்னிலேருந்து பதினாலு வருஷம் மில்லு என் கையில. சாவியை அரைஞாண் கயித்துல முடிஞ்சிருப்பேன். பகல்ல மில்லு, ராத்திரி பள்ளிக்கூடம். மொளகா அரைச்ச கையோட பரீட்சை எழுதி, கண்ணைக் கசக்கி, பேப்பர் திருத்தினவரு அழுதிருப்பாரு. அக்கா சோறு போட்டு மூடி வச்சுட்டு உக்காந்திருப்பா. நான் வந்து தின்ன பிறகுதான் அவ தின்னுவா. கல்யாணம் பண்ணிக்கடான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. மில்லை யாரு பாக்கறதுன்னு நான் பண்ணிக்கலை. அவ கேட்டாளான்னா, இல்லை. நானாத்தான் பண்ணிக்கலை. ஆனா அவளுக்காகத்தானே.

பய வளந்தான். பத்தொம்பது வயசு. சாவி குடு மாமான்னான். தீபாவளி கழியட்டும்டான்னேன். பொங்கல் மாவு அரைக்கிற கூட்டம் போகட்டும்டான்னேன். அவன் மோட்டார் சைக்கிளை வேகமா ஓட்டுவான். என்ன சிரிக்கறீங்க? உண்மையாத்தான் மேடம், அந்த ரோட்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

ஒருநாள் காலையில நல்ல கூட்டம். மொளகா, மல்லி, கோதுமைன்னு தூக்குவாளி வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. அக்கா உள்ளேருந்து வந்தா. என் இடுப்புல கையைப் போட்டு முடிச்சை அவுத்தா. அவுக்க வரலை. மெஷினுக்கு விடற எண்ணெய்க் குப்பியை எடுத்து முடிச்சுல விட்டு, நகத்தால கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சா. மொளகா கொண்டாந்த பொம்பளை ஒருத்தி, "ஏண்டி பவுனு, தம்பி இடுப்புல என்னடி தேடுறே"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. சாவியை எடுத்துத் தனவேலு கையில குடுத்தா. என் வேட்டியெல்லாம் எண்ணெய். அதை முந்தானையால தொடைக்க வந்தா. நான் தட்டி விட்டுட்டேன்.

"நீ கூப்பிடாம வர மாட்டேன்"னு சொல்லிட்டு சைக்கிளை எடுத்தேன்.

ம். சைக்கிளும் அவ வாங்கிக் குடுத்ததுதான். அப்ப வேற சைக்கிளுக்கு எங்க போறது.

சரி, அதை விடுங்க. அந்தம்மா கதைக்கு வர்றேன். மோதிரம் போட்ட மூணாவது வருஷம் பெரிய ராஜா ஆள் அனுப்பினாரு. பையன் போனான். அப்பன் போன அதே சண்டை இல்லை, வேற. ஆனா சண்டைதான். பல்லக்கு கூட வரலை, சேதிதான் வந்துச்சு. வாரிசு இல்லை. பெரிய ராஜாவோட அதிகாரி வந்து, அம்மா நீங்க இருக்கற வரைக்கும் இந்தக் கோட்டை வீட்டுல இருங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்னு மரியாதையாச் சொல்லி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டான். மோதிரத்தையும் வாங்கிக்கிட்டுப் போயிருப்பான். பதினோரு வருஷம் அவ ஒருத்தியா இருந்தா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ராஜ்ஜியம் இல்லை.

தம்பி வரலை. எப்படி வருவான்? கூப்பிடலையே. பிள்ளை செத்தப்பக்கூடக் கூப்பிடலை. அவன் அங்க அந்தப் பனமரத்து மேட்டுல உக்காந்து இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்திருப்பான். ஒரு வார்த்தை சொல்லி விட்டிருந்தா நீந்தியே வந்திருப்பான். பிடிவாதக்காரி.

எங்க பயலுக்கு ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்கான். மில்லைத்தான் மூடிட்டான். அந்த இடத்துல இப்ப செல்போன் கடை. நான் முன்னமே சொன்னேன்.

நீங்க படி எடுக்கிறது அவளோட கடைசிக் கல்லு. தெற்கு வாசல் நிலையில வெட்டினது. "என் தம்பி பூதனைச் சார்த்தி வைத்த நொந்தா விளக்கு ஒன்று." தம்பி பேரால வச்ச அணையாத விளக்கு. அதுக்கு நெய் விட தொண்ணூத்தாறு ஆடு விட்டிருக்கா, சாவா மூவாப் பேராடு. சாகவும் சாகாது, கெழடும் ஆகாது. ஒண்ணு செத்தா மேய்க்கறவன் அந்த இடத்துல இன்னொண்ணை விட்டாகணும், அதான் ஏற்பாடு. ஆட்டுக்கு எழுதி வச்சாங்க. அப்படி மனுஷனுக்கு யாரும் எழுதி வைக்கலை.

அதோ மாடம், கரி பிடிச்சிருக்குல்ல, அதுல எரிஞ்சிருக்கு. நான் வந்த புதுசுல யோசிச்சிருக்கேன், விளக்குன்னா சாமி முன்னாடிதானே வைப்பாங்க, இது என்னடா அரமனை வெளி வாசல்ல, அதுவும் தெக்கப் பாத்துன்னு. காத்து வேற நேரா அடிக்கும். அணைஞ்சு அணைஞ்சு போயிருக்கும்.

தெக்க என்ன இருக்குன்னா? ஏரிதான். ஏரிக்கு அந்தாண்ட ஏந்தல்பாடி. இருட்டினப்பறம் இங்க ஒரு விளக்கு வச்சா அங்கேருந்து தெரியும். தண்ணியிலயும் நீளமாத் தெரியும். தெரியும்தான். எங்க வீட்டுலேருந்தே பாத்திருக்கேன், திருவிழா அன்னிக்கு.

அதுக்கு?

கூப்பிடறதுக்கா?

இல்லைங்க மேடம். நீங்க படிச்சவங்க, ஆனா அது அப்படி இல்லை. கூப்பிடறதுன்னா வாயால கூப்பிடணும். "நீ வாய் திறந்து"ன்னுதானே அவன் சொல்லிட்டுப் போனான். விளக்கெல்லாம் அதுல சேராது.

அவ செத்தப்பறம் வந்தான் பாருங்க. பொறந்த வீட்டுக் கோடி போடணும்ல, அது போடாம எடுக்க மாட்டாங்க. சேலையை எடுத்துக்கிட்டு வந்து இந்தத் தெற்கு வாசலுக்கு வெளியிலயே நின்னான். உள்ள வாங்கன்னு மூணு தடவை கூப்பிட்டாங்க. "கூப்பிட வேண்டியவ கூப்பிடலை"ன்னுட்டு, வாசப்படிக்கு அந்தப் பக்கத்துலேருந்தே சேலையை நீட்டினான். அது இன்னைக்கும் நடக்குது. வருஷா வருஷம் ஆவணி மாசம் ஏந்தல்பாடி ஆளுங்க கோடி கொண்டாருவாங்க. இங்க உள்ளவங்க, "தாய்வீட்டாரே உள்ள வாங்க"ன்னு மூணு தடவை கூப்பிடுவாங்க. அவங்க, "கூப்பிட வேண்டியவ கூப்பிடலை"ம்பாங்க. சேலையைக் குடுத்துட்டு, பச்சைத் தண்ணி குடிக்காமப் போயிருவாங்க. உள்பக்கம் நின்னு வாங்கறது நான்தான். எங்க ஊரு ஆளுங்கதான், "என்ன தொரக்கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம் கூப்புடுய்யா"ம்பாங்க. கூப்பிடுவேன். வர மாட்டாங்க. அதுக்கப்பறம் டீக்கடையில ஒண்ணா உக்காந்து டீ குடிப்போம். தண்ணிதானே குடிக்கக் கூடாது.

அக்கா அன்னிக்கு வருவா. இருபத்திமூணு வருஷமும் வந்தா. செங்காட்டூர்லேருந்து மொத பஸ்ஸு. சிலைக்கு மஞ்சள் தேய்ப்பா, மத்த பொம்பளைங்க மாதிரியே. அப்பறம் இந்தத் தெற்கு வாசலுக்கு வந்து, பாட்டில்ல கொண்டாந்த எண்ணெயை மாடத்து விளக்குல ஊத்தி ஏத்துவா. ஊத்திட்டு நிப்பா. நான் இந்தா, இந்தத் தூண் பக்கம் நிப்பேன். நாலு அடி தூரம் இருக்குமா? ஒரு அரை மணி நேரம் அப்படியே நிப்பா. நான் ஏரியைப் பாத்துக்கிட்டு இருப்பேன். மொத வருஷம் மட்டும், "எளைச்சுட்டியே"ன்னா. யாரைச் சொன்னாளோ. பக்கத்துல நாய் ஒண்ணு படுத்திருந்துச்சு. அப்பறம் பஸ் வர்ற சத்தம் கேட்டா போயிருவா.

இருபத்திமூணு வருஷம் வந்து நின்னாளே, வீட்டுக்கு வாடான்னு ஒரு வார்த்தை. ம்ஹும். சாமி கும்பிட வந்தா, கும்பிட்டா, போனா.

இந்த ஆவணியில வரலை. கேட்டப்ப சொன்னாங்க, ஆடியில கீழ விழுந்துட்டாளாம். ஒரு பக்கம் கை கால் வரலையாம், வாயும் இழுத்துக்கிச்சாம். பேச்சு இல்லையாம்.

போகலை மேடம். எப்படிப் போறது? மூணு பேரு வந்து சொன்னாங்க. எங்க ஊரு டீக்கடைக்காரரு கூட, "ஏய்யா, பேச முடியாதவ எப்படிய்யா கூப்பிடுவா"ன்னாரு. நான் சொன்னேன், ஒரு கை நல்லாத்தானே இருக்கு, கையைக் காட்டலாம்ல. அவரு டீயை ஆத்தறதை நிறுத்திட்டு என்னையே பாத்தாரு. பாக்கட்டும். நான் ஒண்ணும் கல்லு இல்லை. போகணும்னுதான் இருக்கு. தினமும் செங்காட்டூர் பஸ் இந்தப் பக்கமாத்தான் போகுது, ஹாரன் அடிச்சுட்டுத்தான் போகுது. இருபத்திநாலு வருஷம் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டு, அவ படுத்துட்டாங்கறதுக்காகப் போய் நின்னா, அப்பறம் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? அவளே சிரிப்பா. வாய் இழுத்துக்கிச்சுங்கறாங்க. எப்படிச் சிரிப்பாளோ.

பூதன் செஞ்சது சரின்னுதான் நான் சொல்லுவேன். நீங்க வேற மாதிரி எழுதறதுன்னா எழுதிக்குங்க.

யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு. டிக்கெட்டுக்கு ஆளா இருக்கும். அஞ்சரைக்கு மேல உள்ள விடறதில்லை. நிக்கட்டும். என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், அந்த விளக்கு. நீங்க சொன்னதையே யோசிக்கிறேன். தொண்ணூத்தாறு ஆட்டை விட்டு, காத்தடிக்கிற வாசல்ல, அதுவும் தெக்கப் பாத்து. அணைய அணைய ஏத்தியிருப்பாங்க. பதினோரு வருஷம். அவன் அந்தப் பக்கத்துலேருந்து பாத்திருப்பான்ல.

பாத்துட்டு என்ன நெனைச்சிருப்பான். சாமிக்குன்னு நெனைச்சிருப்பான்.

மறுபடி கூப்பிடறாங்க. இருங்க, யாருன்னு பாக்கறேன். தெற்கு வாசல்ல யாரு வந்து நிக்கறது, அந்தப் பக்கம் ரோடே இல்லையே.

தலை நரைச்சிருச்சு. எனக்கு அடையாளமே தெரியலை மேடம். நடை மட்டும் அக்கா வீட்டுக்காரரு நடை.

மாமாங்கறான். உங்களுக்கும் கேட்டுச்சா?

தனவேலு. ஏன்டா வெளியில நிக்கறே.

ம்.

எத்தனை மணிக்கு? பதினொண்ணரைக்கா. அப்ப நான் இவங்களுக்கு வாளியில தண்ணி எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன். போனு சட்டைப் பையிலதான் இருந்துச்சு.

ஏதாவது சொன்னாளா? பேச்சுதான் இல்லையே, ஆமா. கையை? கையை எந்தப் பக்கம் காட்டினா? எத்தனை நாளா? சன்னலுக்கு வெளியில என்னடா இருக்கு, பஸ் ஸ்டாண்டுதானே இருக்கு. நீங்கள்லாம் என்ன நெனைச்சீங்க? காத்து வரலை, சன்னலைத் திறக்கச் சொல்றான்னு நெனைச்சீங்களா. ம். சரி. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைச்சிருப்பாங்க.

கோடியா. ஆமா, அது நான்தான் போடணும். கடை எட்டு மணி வரைக்கும் இருக்கும்ல? வெள்ளைதான் எடுக்கணுமா? மொத வெள்ளையும் நான்தான்டா எடுத்துக் குடுத்தேன், உனக்கு ஞாபகம் இருக்காது. கல்யாணத்துக்கு முன்னாடி அவ அரக்குதான் கட்டுவா. அரக்கு எடுத்தா உங்க சனம் ஒத்துக்குமா? ஒத்துக்கலைன்னாலும் அதான் எடுக்கப் போறேன்.

மேடம், தாளு இன்னும் கால் மணியில காஞ்சிரும். மேல ஓரத்துலேருந்து உரிங்க, மெதுவா. இந்தாங்க, இது பெரிய கேட்டு சாவி. இருங்க, முடிச்சு இறுகிக்கிச்சு. வந்துரும். இந்தாங்க. பூட்டிட்டு ரோட்டுல டீக்கடையில குடுத்துருங்க, தொரக்கண்ணு குடுக்கச் சொன்னாருன்னு சொல்லுங்க. நாளைக்கு யாரு வந்து திறப்பாங்கன்னு அவங்களே பாத்துக்கட்டும்.

வேணாம்டா, நீ உள்ள வர வேணாம். அங்கயே நில்லு. நானே வர்றேன்.